ஓடுகிற பிரிண்டர்தான் பிழைக்கும்

"அண்ணா, சப்ளிமேஷன் போடலாம்னு இருக்கேன். எந்த பிரிண்டர் வாங்கட்டுங்க?" அடிக்கடி வருகிற போன் இது. தாராபுரத்திலிருந்து வரும், கரூரிலிருந்து வரும், சில சமயம் திருநெல்வேலியிலிருந்துகூட வரும். மாடல் நம்பர் ஒன்றைச் சொன்னால் போனை வைத்த கையோடு ஆர்டர் போட்டுவிடும் அவசரம் குரலிலேயே தெரியும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "தினமும் எத்தனை ஷீட் ஓடும் தம்பி?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. பிறகு, "இனிமேத்தானுங்க ஆர்டர் புடிக்கோணும்" என்பார்.

திருப்பூரில் இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு பிரிண்டரைப் பற்றிச் சொல்வதற்கு முக்கியமாக ஒரே விஷயம்தான் உண்டு. அதிகம் ஓடித் தேய்ந்து செத்த பிரிண்டரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சும்மா நின்று காய்ந்து செத்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதை வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்ற இரண்டு கேள்விக்குமே பதில் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கற்பூரம் உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சப்ளிமேஷன் சாயமும் அதே குணம் கொண்டது. முதலில் பேப்பரில் இடவலம் மாற்றி அச்சடிக்கிறோம். அந்தப் பேப்பரைத் துணிமேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் 190 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில், முக்கால் நிமிடம் போல அழுத்துகிறோம். சாயம் ஆவியாகிறது. அந்தச் சூட்டில் பாலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகள் இளகி வழி விடுகின்றன. சாயம் உள்ளே போகிறது. துணி ஆறியதும் வழி அடைபடுகிறது. சாயம் நூலுக்கு உள்ளேயே இருப்பதால் துவைத்தாலும் உரிவதில்லை, கையில் தடவினாலும் தட்டுப்படுவதில்லை.

பருத்தியில் இது நடக்காது. பருத்தி நூல் சூட்டில் அப்படி இளகுவதில்லை, இந்தச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுமில்லை. பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எங்களுக்குத் தினசரித் தலைவலி. நல்ல காட்டன் பனியனைக் கொண்டுவந்து கொடுத்து, "இதுல பையன் போட்டோ போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டால் முதல் துவைப்பிலேயே பாதி போய்விடும். கறுப்புத் துணியும் ஆகாது. இந்த இங்க்கில் வெள்ளை கிடையாது, துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. வெள்ளை அல்லது வெளிர் நிற பாலியெஸ்டர், அல்லது அதற்கென்று பாலிமர் பூச்சு பூசிய மக், தகடு, டைல்ஸ். இவ்வளவுதான் நம் உலகம்.

பாலியெஸ்டர் நூல் பிரிட்டனில் 1941இல் வந்தது. சாயத்தை ஆவியாக்கி அதில் ஏற்றலாம் என்று பிரான்சில் நோயல் தெ பிளாஸ் 1957இல் கண்டுபிடித்தார். ஆனால் நம்மைப் போன்ற சின்ன ஆட்களின் கைக்கு இது வந்தது மேசைமேல் வைக்கிற இங்க்ஜெட் பிரிண்டரால்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன் போட வேண்டும். பதினோரு ஆட்டக்காரருக்குப் பதினோரு பெயர், பதினோரு நம்பர் என்றால் கட்டுப்படியாகாது. சப்ளிமேஷனில் ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டிக்கும், கோடை விடுமுறை கிரிக்கெட் டோர்னமெண்டுக்கும் கிராமத்து டீம்கள்கூடப் பெயர் போட்ட ஜெர்சியோடு இறங்குவது இதனால்தான். தண்ணீரும் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் எப்படி ஸ்தம்பித்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, நொய்யல் ஆற்றுக்குச் சொட்டுக் கழிவு அனுப்பாமல் துணியில் கலர் ஏற்றுவதன் அருமை புரியும்.

இனி பிரிண்டர். கடையில் வரிசையாக நிற்கும் இங்க் டேங்க் மிஷின்கள் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இங்க்கைத் தெளிக்கும் ஹெட் இரண்டு ஜாதி. ஒன்று சூட்டில் வேலை செய்வது. 1977இல் கேனான் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று இங்க் நிரப்பிய ஊசியில் பட்டு, நுனியிலிருந்து இங்க் பீய்ச்சியதாம். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது பபிள் ஜெட். ஹெச்பியும் அதே காலத்தில் தனியாக இதே வழிக்கு வந்தது. குட்டி ஹீட்டர் ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் இங்க்கைக் கொதிக்க வைத்துக் குமிழி உண்டாக்கும், குமிழி ஒரு சொட்டை வெளியே தள்ளும். வீட்டில் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் அச்சடிக்க இது நல்ல மிஷின். சப்ளிமேஷன் இங்க்கை இதில் ஊற்றினால், ஹீட்டர் தகட்டின் மேல் சாயம் தீய்ந்து கறையாகப் படிந்துகொண்டே வரும். சொட்டு சிறுத்து, கடைசியில் நின்றுவிடும்.

இன்னொன்று பீசோ ஹெட். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டினார்கள். அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது இந்த ஹெட். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும், நெளிவு இங்க்கைத் தள்ளும். சூடே கிடையாது. எப்சான் 1993இல் தன் ஸ்டைலஸ் மிஷின்களில் தொடங்கி இந்த வகை ஹெட்டைப் போட்டு வருகிறது. பிரதர் கம்பெனியின் இங்க்ஜெட்களும் பீசோதான். சப்ளிமேஷன்காரன் எங்கே போனாலும் எப்சானைத் தேடுவதற்குக் காரணம் பெயர் மோகமல்ல, இந்த ஹெட்தான். எனவே முதல் விதி: மிஷினின் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், ஹெட் எந்த ஜாதி என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. இதில்தான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். மக், கீ செயின், மவுஸ் பேட், சின்னத் தலையணைக்கு ஏ4 போதும். மக்கைச் சுற்றி வருகிற படம் ஏ4 ஷீட்டில் தாராளமாக அடங்கும். தைத்து வந்த வெள்ளை ஜெர்சியின் மார்பிலும் முதுகிலும் லோகோ, பெயர், நம்பர் போட ஏ3 வேண்டும். ஆனால் முழு ஜெர்சியும் கலராக வேண்டுமென்றால் ஏ3 மிஷினால் ஆகாது. ஒரு பெரிய ஆளின் முன்பக்கப் பேனல் இருபது அங்குலத்துக்கு மேல் அகலம் போகும். ஏ3 ஷீட்டின் அகலம் பன்னிரண்டு அங்குலம்கூட இல்லை. முழு ஜெர்சிக்குத் துணியைப் பேனலாக வெட்டி, ரோல் பேப்பரில் அடித்து, பிரஸ் போட்டு, அப்புறம்தான் ஓவர்லாக் தையலுக்கு அனுப்ப வேண்டும். அது வேறு மிஷின், வேறு முதலீடு. ஏ3 வாங்கி வைத்துக்கொண்டு ஜெர்சி ஆர்டர் பிடித்துவிட்டு முழிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிறகு நாலு கலரா, ஆறு கலரா என்ற கேள்வி. நாலு கலர் என்பது கறுப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள். ஆறு கலரில் வெளிர் சியானும் வெளிர் மெஜந்தாவும் சேரும். மனித முகம் அடிக்கிறவருக்கு ஆறு கலர் தேவை. கன்னத்தின் வெளிச்சப் பகுதியில் நாலு கலர் மிஷின் புள்ளி புள்ளியாகக் காட்டும் இடத்தை ஆறு கலர் மிஷின் மிருதுவாகக் காட்டும். லோகோ, எழுத்து, பட்டை, நம்பர் என்று கெட்டியான கலர் மட்டும் அடிக்கிறவருக்கு நாலு போதும். கலர் குறைந்தால் அடைக்க வாய்ப்புள்ள வழிகளும் குறையும். எங்கள் தொழிலில் ரொம்பக் காலம் கொடி கட்டிப் பறந்த ஆறு கலர் மாடல்கள் எப்சானின் எல்805, எல்1800. முன்னது ஏ4, பின்னது ஏ3. நாலு கலரில் எல்130, எல்1300. இப்போது ஆறு கலரில் எல்8050, எல்18050 வந்திருக்கின்றன. பழைய மாடல்களுக்குச் சாமான் கிடைக்கிற வரை அவற்றை யாரும் விடுவதாக இல்லை. சப்ளிமேஷனுக்கென்றே எப்சான் எஃப் சீரிஸ் மிஷின்கள் விற்கிறது. கம்பெனி இங்க், கம்பெனி வாரண்டி. விலை கூடினாலும், இங்க்கை மாற்றி ஊற்றிவிட்டு வாரண்டி போய்விட்டதே என்று தவிக்க வேண்டியதில்லை. சாதாரண மிஷினில் வெளி இங்க் ஊற்றினால் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

சாதாரண மிஷினை மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் புதுசாக வாங்கி, பெட்டி பிரித்த அன்றே சப்ளிமேஷன் இங்க்கை ஊற்றிவிடுவது நல்லது. ஏற்கெனவே வேறு இங்க் ஓடிய மிஷினில் டியூபிலும், ஹெட்டுக்கு முன் இங்க் தங்கும் டேம்பரிலும் பழைய இங்க் மிச்சமிருக்கும். அது சுத்தமாக வெளியேறும் வரை கலர் ஒரு நிலைக்கு வராது. பழைய மிஷின் வாங்கியே ஆக வேண்டுமென்றால், எல்லாத் துளையிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் நாசில் செக்கை விற்கிறவர் எதிரிலேயே அடித்துப் பாருங்கள். எந்த இங்க் ஓடியது, எத்தனை நாளாக நிற்கிறது, கழிவு இங்க் சேரும் வேஸ்ட் பேட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். "மூணு மாசமா ஓட்டலைங்க, ஆனா கண்டிஷன்ல இருக்குது" என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மூன்று மாதம் நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இங்க்கின் குணத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண போட்டோ இங்க்கில் சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். சப்ளிமேஷன் சாயம் கரையாது. மிக நுண்ணிய தூளாக அரைபட்டு, தண்ணீரிலும் கிளைக்காலிலும் மிதந்துகொண்டிருக்கும். நிறுத்தி வைத்தால் தூள் மெல்ல அடியில் இறங்கும். எல்805 ஹெட்டில் ஒரு கலருக்கு 90 துளை, ஆறு கலருக்கு 540. ஒவ்வொன்றும் தலைமுடியைவிடச் சன்னம். அதிலிருந்து வரும் மிகச் சிறிய சொட்டு 1.5 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அவ்வளவு சின்ன வாசலில் ஈரம் வற்றித் தூள் இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்க் பாட்டிலை ஊற்றுவதற்கு முன் மெதுவாகக் குலுக்கச் சொல்வதும், திறந்த பாட்டிலை வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். இங்க்கை வெயில் படாத இடத்தில் வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி ஊற்றாதீர்கள். ஒரு இங்க்கில் கலர் செட் ஆகிவிட்டால் அதிலேயே நில்லுங்கள்.

இனி காலை வேலை. ஷட்டரைத் திறந்து சாமிக்கு விளக்கு வைத்ததும் எங்கள் யூனிட்டில் அடுத்தது நாசில் செக். ஒரு சாதாரண வெள்ளைத் தாள் போதும். படிக்கட்டுபோல இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள் ஒவ்வொரு கலரிலும் விழும். தாளை ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சளை மட்டும் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். மஞ்சளில் கோடு விட்டிருந்தால் குழல்விளக்கின் கீழ் கண்ணுக்கே தெரியாது. ஜெர்சியில் பச்சை நீலமாக மாறும்போதுதான் தெரியவரும். வெளிர் மெஜந்தாவையும் இப்படித்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு கோடு விட்டிருந்தால் ஒரு ஹெட் கிளீனிங், மறுபடி செக். எல்லாம் முழுசாக விழுந்தால், ஆறு கலரும் பட்டை பட்டையாக இருக்கும் ஒரு பக்கத்தை அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். ஆர்டர் இல்லாத நாளிலும் அந்தப் பட்டைப் பக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அதற்குச் செலவாகும் இங்க்கைக் கணக்குப் பார்த்து நிறுத்தியவர்கள் ஹெட் மாற்றும்போது அழுதிருக்கிறார்கள்.

ஹெட் கிளீனிங் என்பதும் சர்வரோக நிவாரணி அல்ல. பொத்தானை அழுத்தும்போது மிஷின் பம்ப் வைத்து ஹெட் வழியாக இங்க்கை உறிஞ்சி வேஸ்ட் பேடில் கொட்டுகிறது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்துக் கொடுத்தால் காற்றுக் குமிழி உள்ளே புகுந்து, அரைகுறையாக இருந்ததும் கெடும். மூன்று தடவையில் சரியாகவில்லையென்றால் மிஷினை அணைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். குமிழி அடங்கி, காய்ந்த இங்க் ஊறி, காலையில் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும். இந்தப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிப் பகை உண்டு, பஞ்சு. பக்கத்தில் கட்டிங் டேபிள், மாடியில் ஓவர்லாக். காற்றில் எந்நேரமும் நூல் துகள் மிதக்கும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கினால் புழுதியும் சேர்ந்துகொள்ளும். ஒரே ஒரு பஞ்சு இழை ஹெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, பேப்பர் முழுக்க ஈரக்கோடு இழுத்துக்கொண்டே போகும். புதுசாக வந்தவர்கள் ஹெட் போய்விட்டது என்று பதறுவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்ததைச் சொல்கிறேன். மிஷினை ஓடவிட்டு, ஹெட் நகர்ந்ததும் கரண்ட்டை எடுத்தார். வலது ஓரத்தில் ஹெட் வந்து உட்காரும் இடம் வெளிப்பட்டது. அதுதான் கேப்பிங். நடுவில் பஞ்சுத் திட்டு, சுற்றிலும் மெல்லிய ரப்பர் உதடு. அந்த உதட்டின்மேல் காய்ந்த இங்க் கறுப்பாகத் தடித்திருந்தது. பஞ்சில்லாத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, ரப்பரை ஒரே பக்கமாகத் துடைத்தார். பக்கத்தில் சின்ன நாக்குபோல நிற்கிற வைப்பரையும் துடைத்தார். அதில் சுற்றியிருந்த பஞ்சு இழையைச் சாமணத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடைசியாகத் திட்டின்மேல் கிளீனிங் சொல்யூஷன் சில சொட்டு விட்டு, ஹெட்டை மெல்லத் தள்ளி அதன்மேல் உட்காரவைத்தார்.

"இந்த உதடு சுத்தமா இருந்தாத்தானுங்ண்ணா ஹெட்டு காத்துப் புகாம மூடும். மூடலைன்னா நீங்க எவ்வளவு கிளீனிங் குடுத்தாலும் பம்பு காத்தைத்தான் உறிஞ்சும்" என்றார். "ஹெட்டை நேரா பட்ஸ் வெச்சுத் தேய்க்கலாமா?" என்று கேட்டேன். "தேய்ச்சீங்கன்னா அப்புறம் எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று சிரித்தார். வாரம் ஒரு தடவை இந்த வேலையை நாங்களே செய்கிறோம். போர் தண்ணீர் கூடவே கூடாது. திருப்பூர் தண்ணீரில் உப்பு அதிகம், துளையை அதுவே அடைக்கும். ஸ்பிரிட்டும் ஆகாது. ஊசி வைத்து ஹெட்டுக்குள் சொல்யூஷன் ஏற்றுகிறவர்கள் அழுத்தம் கொடுக்காமல், தானாக இறங்க விடவேண்டும். ஹெட்டுக்கு வரும் தட்டை ஒயரில் ஒரு சொட்டு ஈரம் பட்டு, அதோடு கரண்ட் கொடுத்தால் ஹெட்டும் போகும், போர்டில் இருக்கிற ஃபியூஸும் போகும்.

கேப்பிங்கின் அருமை தெரிந்துவிட்டால் அடுத்த விதி தானாகப் புரியும். மிஷினை அதன் பொத்தானை அமுக்கித்தான் அணைக்க வேண்டும், சுவர் சுவிட்சில் அல்ல. பொத்தானை அமுக்கினால் ஹெட் வீட்டுக்குப் போய் மூடிக்கொண்டு அப்புறம் அணையும். சுவர் சுவிட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும், விடிவதற்குள் காய்ந்துவிடும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் இந்தத் தொழிலில் போன ஹெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது அந்த அளவுக்கு வெட்டு இல்லை என்றாலும், பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். ஹீட் பிரஸ்ஸை அதில் மாட்டிவிடாதீர்கள், தாங்காது.

கத்திரி வெயிலில் இன்னொரு கவனம். அறை வறண்டால் ஹெட் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் நேர்மாறு; பேப்பர் ஈரம் குடித்து நெளிந்து ஹெட்டில் உரசும். பிரஸ் போடும்போது அந்த ஈரம் ஆவியாகி கலரைக் கலைத்தும் விடும். பேப்பரைப் பாலித்தீன் கவரில் மூடிவையுங்கள். துணியைப் பிரஸ்ஸுக்குக் கீழே சில வினாடி வெறுமனே அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு அப்புறம் பேப்பரை வையுங்கள். ஏசி இருந்தால் காற்று நேராக மிஷின்மேல் அடிக்காதபடி திருப்பி வையுங்கள்.

ஹெட் கிளீனிங்கில் உறிஞ்சிய இங்க் போய்ச் சேரும் வேஸ்ட் பேட் என்பது மிஷினின் அடிவயிற்றில் இருக்கும் பஞ்சு மெத்தை. எவ்வளவு இங்க் போயிருக்கும் என்று மிஷின் கணக்கு வைத்திருக்கும். கணக்கு முடிந்த நாளில் லைட்டெல்லாம் மின்னி, மிஷின் நின்றுவிடும். ரீசெட் சாஃப்ட்வேரில் கணக்கை மட்டும் பூஜ்யம் ஆக்கிவிட்டு ஓட்டுவது இங்கே வழக்கம். கணக்குதான் பூஜ்யமாகுமே தவிர மெத்தை காய்ந்துவிடாது. ஒருநாள் மேசை முழுக்க இங்க் வழிந்து, மேசைக்குக் கீழே வைத்த ஜெர்சிக் கட்டுமேல் சொட்டினால்தான் ஞானம் வரும். ரீசெட் செய்கிற அன்றே பேடையும் மாற்றிவிடுங்கள், அல்லது டியூபை வெளியே எடுத்து ஒரு பாட்டிலில் விடுங்கள். சில புது மாடல்களில் இந்த மெத்தை தனிப் பெட்டியாகவே வருகிறது, நாமே கழற்றி மாட்டலாம். வாங்கும்போது இதையும் விசாரியுங்கள்.

பிரிண்டரின் தலையில் விழும் பழிகளில் பாதி அதனுடையதல்ல. பேப்பரில் கலர் வெளிறித்தான் இருக்கும். கறுப்பு சாம்பலாகவும், சிவப்பு செங்கல் பொடியாகவும் தெரியும். பிரஸ்ஸில் ஆவியாகி ஏறிய பிறகுதான் உண்மையான கலர் வெளிவரும். இது தெரியாமல் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கலரை ஏற்றி ஏற்றி அடிக்கிறவர்கள் உண்டு. பிரஸ்ஸில் சூடு ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இருந்தால் துணியில் திட்டுத் திட்டாக வரும். நேரம் கூடினால் கறுப்பு பழுப்படிக்கும். பிரஸ்ஸைத் தூக்கும்போது பேப்பர் நகர்ந்தால் நிழல் விழும். துணியில் பாலியெஸ்டர் குறைந்தால் கலர் மங்கும். இதற்கெல்லாம் ஹெட் கிளீனிங் கொடுத்துப் பயனில்லை. நாங்கள் எங்கள் இங்க், எங்கள் பேப்பர், நாங்கள் வாங்குகிற அதே துணி மூன்றையும் வைத்துக் கலர் சார்ட் ஒன்றைப் பிரஸ் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பார்ட்டி வந்தால் மொபைலில் காட்டுகிற சிவப்பை நம்புவதில்லை. "இந்த வரிசையில எந்தச் சிவப்புங்க?" என்று சார்ட்டைக் காட்டிக் கேட்டுவிடுவோம். கலரைச் சரிப்படுத்த இங்க் கம்பெனி கொடுக்கும் ஐசிசி ப்ரொஃபைலைப் போடுவது அவசியம். ஆனால் கடைசி சாட்சி துணிதான்.

பெரிய யூனிட்டுகளின் கதை வேறு. 3200 நாசில் உள்ள ஐ3200 ஹெட்டுகளை இரண்டு, நாலு என்று வரிசையாகப் பூட்டிய ரோல் மிஷின்கள், உருளை பிரஸ். அவர்களுக்கு மிஷின் நிற்காமல் ஓடுகிறது. ஆபரேட்டர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். இங்க் லிட்டர் கணக்கில் தீர்ந்துகொண்டே இருப்பதால் அடியில் தங்க நேரமில்லை. அதனால்தான் அவர்களின் ஹெட்டுகள் நீண்ட நாள் வருகின்றன. சின்ன ஆளின் மிஷின் வாரத்துக்கு ரெண்டு மக், நாலு நம்பர் என்று ஓடிவிட்டு மிச்ச நேரம் உட்கார்ந்திருக்கிறது. அது நீண்ட நாள் வராததில் ஆச்சரியமில்லை.

அதனால் இந்தத் தொழிலில் இறங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: முதலில் பிரிண்டர் வாங்காதீர்கள். நல்ல ஹீட் பிரஸ் ஒன்று வாங்குங்கள். அது நின்றால் கெடாது. ஒரு மாதம் மூடி வைத்தாலும் சுவிட்ச் போட்டால் சூடேறும். டிசைனைப் பென்டிரைவில் கொண்டுபோய், பேப்பர் பிரிண்ட் ஜாப் ஒர்க் செய்கிறவர்களிடம் மீட்டர் கணக்கில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அடித்த பேப்பர் வெயிலும் ஈரமும் படாமல் சுருட்டி வைத்தால் கெடாமல் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்குக் கூரியரிலேயே வந்துவிடும். துணி, சூடு, நேரம், கலர் என்று தொழிலின் முக்கால்வாசிப் பாடத்தைப் பிரஸ்ஸிலேயே படித்துவிடலாம். தினமும் தவறாமல் அடிக்கிற அளவுக்கு ஆர்டர் சேர்ந்து, ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிற பணம் கையைக் கடிக்கிற நாள் வரும். அன்றைக்கு பீசோ ஹெட் உள்ள மிஷினாக, உங்கள் வேலைக்குச் சரியாக இருக்கிற அளவில், உங்கள் ஊரிலேயே சாமானும் மெக்கானிக்கும் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய நாளிலிருந்து அதை ஒருநாளும் சும்மா விடாதீர்கள்.